சிப்பித்துறை அரையிறுதியில் தோற்ற கதை

நடக்காத மட்ச் ஒன்றில் மழை பெய்ததா இல்லையா என்று, ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர்கள் முக்கால் மணி நேரமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடம், மெல்பேணின் ரோவிலில் நித்தியானந்தனின் வீட்டுக் கராஜ். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணி. மேசையில் ஒரு தட்டில் பற்றீஸ், தேத்தண்ணிப் பிளாஸ்க், திறந்தபடி ஒரு லாப்டொப். செந்தில்நாதன் கதவோரக் கதிரையில் இருந்து ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். பற்றீஸை அவன் இன்னும் தொடவே இல்லை.

"ஆனி மாசத்தில யாழ்ப்பாணத்தில எங்கையப்பா மழை?" என்றார் நித்தியானந்தன். "எழுதிறதெண்டால் கொஞ்சம் உண்மையா எழுத வேணும். பேந்து வாசிக்கிற சனம் சிரிக்கும்."

உண்மை! இந்தக் கராஜுக்குள் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று செந்தில்நாதனுக்கு விளங்கவில்லை. மழை வேண்டும் என்று கேட்டவன் அவன்தான். ஏன் கேட்டான் என்று சொல்வதற்கு முன் இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் கல்லூரிகளுக்கிடையிலான உதைபந்தாட்டத் தொடர் ஒன்று நடந்தது. எட்டுக் கல்லூரிகள். லீக் ஆட்டங்கள் எல்லாம் முடிந்து, முதல் நாலு இடத்துக்கு வந்தவர்கள் சனிக்கிழமை அரையிறுதி விளையாட இருந்தார்கள். அந்தக் கிழமையே திரும்பவும் சண்டை மூண்டுவிட்டது. அரையிறுதியும் இல்லை, இறுதியும் இல்லை. மைதானத்தில் சனம் அகதியாக வந்து இருந்தது. கோல் கம்பத்தை யாரோ அடுப்பெரிக்கப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கப் யாருக்கு என்று கேட்க அப்போது ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

முப்பத்தைந்து வருடம் கழித்து, மெல்பேணில் வசதியாக இருந்துகொண்டு கேட்க நாக்கு எழுந்தது. பழைய மாணவர் சங்கங்களின் கூட்டுக் குழு இந்த வருட மலரில் 'நடந்திருந்தால்' என்று ஒரு பகுதி போடத் தீர்மானித்தது. அந்த அரையிறுதிகளும் இறுதியும் நடந்திருந்தால் யார் வென்றிருப்பார்கள், யார் கோல் போட்டிருப்பார்கள், எத்தனையாவது நிமிடத்தில், எல்லாம் வாக்கெடுப்பில் முடிவாகும். எட்டுப் பக்கம். படங்களோடு.

அறிவித்தல் வட்ஸ்அப்பில் வந்தபோது செந்தில்நாதன் விமான நிலையத்தில் வேலையில் நின்றான். பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குவது அவன் வேலை, வீடு கிரெய்கிபர்னில். நாலு கல்லூரிகளின் பெயரைப் படித்தான். வில்வநாதர், ஆலடி, பூந்தோட்டம், கோட்டையடி. திரும்பவும் படித்தான். ஏழு ஆட்டத்தில் ஒன்றிலும் தோற்காமல் முதலாவதாக வந்த சிப்பித்துறை மகா வித்தியாலயத்தை அங்கே காணவில்லை. ஐந்தாவதாக வந்த கோட்டையடி அந்த இடத்தில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தது.

சிப்பித்துறைக்குக் கப்டனாக இருந்தவன் செந்தில்நாதன். உடனே கூட்டுக் குழுவின் தலைவர் நித்தியானந்தனுக்குப் போன் அடித்தான்.

"தம்பி, உங்கட பள்ளிக்கூடத்துக்கு இங்க பழைய மாணவர் சங்கம் இல்லையே," என்றார் நித்தியானந்தன். "எங்கட யாப்பில தெளிவா இருக்கு. சங்கம் இல்லாத கல்லூரியைச் சேர்க்கேலாது."

"விளையாடினது பெடியள் அண்ணை. சங்கமோ விளையாடினது?"

"அது அப்ப. இது இப்ப. நீர் ஒரு சங்கத்தைத் துவங்கிப்போட்டு வாருமன். ஆர் வேண்டாமெண்டது?"

'உங்கட பள்ளிக்கூடம்' என்று அவர் சொன்ன விதத்திலேயே எல்லாம் இருந்தது. சிப்பித்துறை கடற்கரைப் பள்ளிக்கூடம். அங்கே படித்தவர்கள் டொக்டராகவும் எஞ்சினியராகவும் விமானத்தில் வந்து இறங்கவில்லை. வந்த கொஞ்சப் பேரும் படகில் வந்து, முகாமில் இருந்து, விசாவுக்கு அலைந்து, இப்போதுதான் மூச்சு விடுகிறார்கள். சங்கம் வைக்க அவர்களுக்கு எங்கே நேரம்? வேறு விஷயமாக இருந்தால் செந்தில்நாதன் தூ என்று துப்பிவிட்டுப் போனை வைத்திருப்பான். ஆனால் அவன் அதற்குள் சிட்னிக்கு ஒரு சொல் கொடுத்துவிட்டான்.

சிட்னியில், பரமட்டா பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் குசினியில் வேலை செய்கிறாள் பவளம். அவளுடைய தம்பி யோகராசா, எல்லோருக்கும் யோகா, சிப்பித்துறையின் கோல்கீப்பர். அந்த ஏழு ஆட்டத்தில் யோகா வாங்கியது இரண்டே கோல், இரண்டும் பெனால்டி. அரையிறுதி நடக்க வேண்டிய நாளுக்குப் பிறகு ஒன்பதாம் நாள் ஷெல் விழுந்து செத்துப்போனான். வயது பத்தொன்பது. அந்த நாட்களில் பேப்பர் ஒழுங்காக வரவில்லை. மரண அறிவித்தல் போடவும் வழியில்லாமல் போனது. மலர் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, பட்டியலைப் பார்க்காமல், செந்தில்நாதன் பவளத்துக்கு அடித்து யோகாவின் பெயர் வரும் என்று சொல்லிவிட்டான்.

"தம்பியின்ர பேர் அச்சில வருமோ?" என்று அவள் கேட்டாள். "படமும் போடுவினமோ? என்னட்ட ஒண்டே ஒண்டுதான் கிடக்கு, ஐடென்ரி கார்டுக்கு எடுத்தது."

"வரும் அக்கா. நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் வெளியீட்டுக்கு வாங்கோ."

அவள் அன்றே பிளேன் ரிக்கெற் போட்டுவிட்டாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு சிட்னியை விட்டு அவள் எங்கேயும் போனதில்லை.

ஆகவே செந்தில்நாதன் சங்கம் தொடங்கினான். செத்தவர்களும் கிழவர்களும் விளையாடாத மட்ச் ஒன்றில் விளையாட, உயிரோடு இருக்கிறவன் யாப்பு எழுதினான். ஐந்து பேர் கொண்ட நிர்வாகம் வேண்டுமாம். தலைவர் அவன். செயலாளர் கிரெய்கிபர்னில் ரைல்ஸ் பதிக்கும் ஒருவன். பேர்த்தில் இருக்கும் மச்சான் உப தலைவர். பேக்கரியில் வேலை செய்கிற ஒருவன் உறுப்பினர். பொருளாளருக்கு ஆள் கிடைக்காமல், வேறு ஊரில் படித்த தன் மனைவி விமலாதேவியின் பெயரைப் போட்டான். மலரை வடிவமைக்கும் லக்ஷ்மிப்ரியா ஒரு சிப்பி வரைந்து கடிதத் தலைப்பும் செய்து தந்தாள். அந்தத் தாளில் விண்ணப்பம் எழுதியபோது விமலாதேவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையோ?" என்றாள்.

"இருக்கு," என்றான் அவன். "பேசாமல் கையெழுத்தை வை."

சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. கோட்டையடி முகம் சுளித்துக்கொண்டு விலகியது. அப்படித்தான் செந்தில்நாதன் இந்தக் கராஜுக்குள் வந்து சேர்ந்தான். வந்த பிறகுதான் உள்ளே நடப்பது தெரிந்தது.

முதலாவதாக வந்த அணி நாலாவதோடுதானே அரையிறுதி ஆட வேண்டும்? இல்லையாம். வில்வநாதரும் சிப்பித்துறையும் மோதினால்தான் 'விறுவிறுப்பாக' இருக்குமாம். மூன்றுக்கு ஒன்று என்று வாக்கில் முடிந்தது. ஆலடிக்காரரான செயலாளர் குகநேசனுக்கு இறுதியாட்டத்தில் இடம். பூந்தோட்டக்காரருக்குத் தொடரின் சிறந்த வீரர் பட்டம். எல்லோரும் இலையில் சோறு பங்கிடுவது போலப் பங்கிட்டுக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது வில்வநாதர் கப் எடுப்பது. வில்வநாதரில் படித்தவர் தலைவர் நித்தியானந்தன்.

நித்தியானந்தன் அந்த வருடம் வில்வநாதர் அணியில் இருந்தார்தான். ஆனால் ஏழு ஆட்டமும் கோட்டுக்கு வெளியே வாங்கில் இருந்தார். ஒரு நிமிடம்கூட அவரை இறக்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் கொண்டு ஓடி வந்ததைத்தான் செந்தில்நாதன் கண்டிருக்கிறான். அந்த மனிதர்தான் இப்போது, லாப்டொப் திரையில், அறுபத்திரண்டாவது நிமிடத்தில் மாற்று வீரராக இறங்கி, எழுபத்தொன்றாவது நிமிடத்தில் சிப்பித்துறையின் வலைக்குள் பந்தை அடிக்கிறார். ஒன்றுக்குப் பூச்சியம். எழுதியது குகநேசன். எழுதச் சொன்னது யார் என்று கேட்கத் தேவையில்லை.

"யோகாவுக்கு அடிச்சு ஆரும் கோல் போடேல்லை அண்ணை," என்றான் செந்தில்நாதன். "பெனால்டி தவிர. நீங்களும் வாங்கில இருந்து பாத்தனீங்கள்தானே?"

வாங்கு என்ற சொல் நித்தியானந்தனுக்குக் குத்தியது. முகம் கறுத்தது. குகநேசன் குறுக்கே வந்தார். "அதைத்தான் நானும் யோசிச்சனான். நித்தியண்ணை அடிச்ச அடியாலதான் கோல் எண்டால் சனம் நம்பாது. அதால இப்பிடி எழுதியிருக்கிறன், கேளும்." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்: "பந்துக் காப்பாளர் யோகராசாவின் கைகளுக்குள் இலகுவாக வந்த பந்து, அன்னாரின் கவனயீனத்தால் நழுவி, கால்களுக்கிடையே உருண்டு கோட்டைத் தாண்டியது."

அன்னாரின் கவனயீனம்! செத்தவனுக்கு மரியாதையும் குறையக் கூடாது, அவன் தலையில் பழியும் விழ வேண்டும். செந்தில்நாதன் லாப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தான்.

"அவன் செத்துப்போனவன் அண்ணை."

"அதாலதான் சொல்லுறன்," என்றார் நித்தியானந்தன், சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல. "உயிரோட இருக்கிற ஒராளின்ர பிழை எண்டு எழுதினால் நாளைக்கு அவர் கோவிச்சுக்கொண்டு வருவார். பின்வரிசையில நிண்ட ஆக்களில ஒருத்தர் கனடாவில, ஒருத்தர் லண்டனில. பேஸ்புக்கில கிழிச்சுப்போடுவினம். இது பிரச்சினை இல்லாத வழி."

பிரச்சினை இல்லாத வழி. பூந்தோட்டக்காரர் தலையை ஆட்டியபடி இரண்டாவது பற்றீஸை எடுத்தார்.

அப்போதுதான் செந்தில்நாதன் மழையைக் கேட்டான். சரி, பந்து நழுவட்டும். மழை பெய்தது, பந்து ஈரம் என்றாவது ஒரு சொல் போடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மழை. அதற்குத்தான் முக்கால் மணி நேரச் சண்டை. மழை பெய்தால் தன் கோலுக்கு மதிப்புக் குறையும் என்று நித்தியானந்தனுக்குத் தெரியும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஆனி மாதம், சோளகக் காற்று, வரட்சி என்று பூமிசாத்திரம் படிப்பித்தார். வாங்கில் இருந்தவர் கோல் அடிக்கலாம், ஐந்தாவதாக வந்தவன் நாலாவதாகலாம், முதலாவதாக வந்தவன் இல்லாமலே போகலாம். மழை மட்டும் பெய்யக் கூடாது. மூன்றுக்கு ஒன்று.

"இஞ்ச பாரும் செந்தில்," என்றார் நித்தியானந்தன் கடைசியில். "விருப்பமில்லை எண்டால் சொல்லும். உங்கட பக்கத்தை எடுத்துப்போட்டுக் கோட்டையடியைத் திருப்பிப் போடுவம். அவையள் இண்டைக்கும் போன் அடிச்சவை. விருப்பமெண்டால் சங்கத்தின்ர சார்பில ஒரு கையெழுத்து. எல்லாக் கல்லூரியும் வைச்சிட்டுது."

செந்தில்நாதன் அந்தத் தாளைப் பார்த்தான். எழும்பிப் போயிருக்கலாம். போயிருக்க வேண்டும். ஆனால் பவளம் ரிக்கெற் போட்டாயிற்று, படத்தை அனுப்பியாயிற்று, வேலையிடத்தில் மூன்று நாள் லீவும் கேட்டாயிற்று. பக்கம் போனால் பெயரும் போகும், படமும் போகும். அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கவா போகிறாள், படத்தையும் பெயரையும் பார்ப்பாள், அழுவாள், மலரை நெஞ்சோடு கட்டிப்பிடிப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கையெழுத்தை வைத்தான். வைத்த பிறகு, அந்த நாய்ப் பழக்கம் எங்கிருந்து வந்ததோ, பற்றீஸ் ஒன்றையும் எடுத்துத் தின்றான்.

வியாழக்கிழமை லக்ஷ்மிப்ரியா போன் பண்ணினாள். அவள் கோயம்புத்தூர்க்காரி, இந்தக் கல்லூரிகளுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"சார், ஒரு டவுட். இந்த மேட்ச் நடக்கவே இல்லைன்னு மேல போட்டிருக்கு. அப்புறம் ஏன் சார் இந்தப் பையன் கோட்டை விட்டான்னு எழுதியிருக்கு? போட்டோவுக்கு நேர் கீழயே வருது. பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"ஓம் பிள்ளை."

"பிரிண்டுக்குப் போக இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நீங்க சொன்னீங்கன்னா அந்த ஒரு வரிய எடுத்துடறேன். இடம் பத்தலைன்னு நான் சொல்லிக்கிறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

வழி தானாக வந்து காலடியில் நின்றது. அந்நியப் பெண் ஒருத்தி கொண்டுவந்து தந்தாள். செந்தில்நாதன் யோசித்தான். வரி போனால் நித்தியானந்தன் கண்டுபிடிப்பார். மலரை நிறுத்தினாலும் நிறுத்துவார். மேடையில் வைத்து ஏதாவது சொல்வார், பவளத்துக்கு முன்னால்.

"இருக்கட்டும் பிள்ளை," என்றான். "வோட்டில முடிஞ்ச விஷயம்."

"சரி சார்," என்றாள் அவள். அந்தச் 'சரி'யில் அவனைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பது நன்றாகக் கேட்டது.

வெளியீடு இரண்டு கிழமை கழித்து, சனிக்கிழமை மத்தியானம். ரோவிலுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் முந்நூறு பேர். குத்துவிளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, அதற்கு மேல் ஒரு வரவேற்புரை. பவளம் மயில்நீலச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, செந்தில்நாதனுக்கும் விமலாதேவிக்கும் நடுவில் இருந்தாள். விமானத்தில் சாப்பாடு தந்தார்களா என்று கேட்டவர்களிடம், பயத்தில் வாங்கவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். மலர் கைக்கு வந்ததும் எத்தனையாம் பக்கம் என்று கேட்டாள். செந்தில்நாதன் எடுத்துக் கொடுத்தான்.

அவள் படத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெயரை. "யோ-க-ரா-சா," என்று வாய்க்குள் சொன்னாள். கண் நிறைந்துவிட்டது. செந்தில்நாதனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்தினாள்.

"நீ நல்லாயிருக்க வேணுமடா," என்றாள்.

அவனுக்கு அந்தக் கையை வெட்டி எறியலாம் போல இருந்தது.

மேடையில் கூத்து உச்சத்துக்கு ஏறியது. வில்வநாதர் கல்லூரி இறுதியாட்டத்தில் ஆலடியை மூன்றுக்கு ஒன்று என்று 'வென்றிருந்ததால்', உண்மையான கப் ஒன்று, முழங்கை உயரத்தில், பெயர் பொறித்துச் செய்விக்கப்பட்டிருந்தது. கூட்டுக் குழுவின் தலைவர் நித்தியானந்தன் அதை வழங்க, வில்வநாதர் சங்கத்தின் தலைவர் நித்தியானந்தன் பெற்றுக்கொண்டார். சனம் கை தட்டியது. அந்த வெட்கம் கெட்ட மனிதர் கப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படத்துக்கு நின்றார். கண் கலங்கியும் இருந்தது. முப்பத்தைந்து வருடக் கனவு என்று ஒலிவாங்கியில் சொன்னார்.

பிறகு குகநேசன் வந்து, அந்தக் கால இலங்கை வானொலி நேர்முக வர்ணனை மாதிரி அரையிறுதியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். எழுதியதை விட ஒரு பங்கு கூட்டியே வாசித்தார். "இதோ நித்தியானந்தன் அடிக்கிறார்... மெல்லமாகத்தான் வருகிறது பந்து... அம்மம்மா கூடப் பிடிப்பா... ஐயோ யோகராசா! கைக்குள்ளால் போய், காலுக்குள்ளால் போய்..." மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கதிரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அடக்க ஒடுக்கமான பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பவளம் சிரிக்கவில்லை. என்ன நடக்கிறது என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாள். படத்துக்குக் கீழே இருந்த வரியை, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அவள் வாசிக்க மாட்டாள் என்று யார் சொன்னது? முழுவதையும் வாசித்தாள். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள்.

விமலாதேவி எழும்பி வெளியே போய்விட்டாள். சிரிப்பு ஓய்ந்து, சாப்பாட்டுக்கு எழும்பலாம் என்று யாரோ அறிவித்தார்கள். கதிரைகள் இழுபடும் சத்தத்துக்குள் பவளம் செந்தில்நாதன் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கோபமே இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளக் கேட்கிறவளின் குரல்.

"செந்தில், இந்த மட்ச் நடக்கேல்லைத்தானே? தம்பி விளையாடேல்லைத்தானே?"

"இல்லை அக்கா."

"அப்ப இது முழுக்க நீங்கள் இருந்து யோசிச்சு எழுதினது?"

"ஓம் அக்கா. குழுவில... எல்லாரும் சேந்து..."

"நீயும் இருந்தனியோ?"

"ஓம்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். மலரை மூடாமல், யோகாவின் முகத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.

"யோசிச்சு எழுதிறதுதானேடா," என்றாள். "அந்தப் பந்தை அவன் பிடிச்சவன் எண்டு எழுதியிருக்கலாமே."